நல்ல தண்ணி, மூன்று குடம்

இரண்டே கதவு. தொண்ணூற்றி எட்டாம் வருஷத்து வண்டி.
கீழக்கரை வேகத்தடை ஒவ்வொன்றிலும்
வயிற்றை உரசிக்கொண்டே என் கடைக்கு வந்தது.
சென்னையில் ஒரு வக்கீலிடம் வாங்கினாராம் அவள் அண்ணன்.
சிவப்பு. உப்புக்காற்றில் கொஞ்சம் செங்கல் நிறம்.
இடப்பக்கக் கண்ணாடி பாதியில் நின்றிருந்தது.

"ஒரு நேரம் ஏறுது, ஒரு நேரம் செத்துக் கிடக்குது"
என்றாள் ஹைருன்.
"காக்கா வெள்ளிக்கிழமை வாரார். அதுக்குள்ள சரியாகணும்."
அன்றைக்குச் செவ்வாய்.

ஓட்டுநர் சீட்டில் மடங்கி உட்கார்ந்தேன், முழங்கால் தாடையில் இடித்தது.
ஃபியூஸைப் பிடுங்கி வெயிலில் காட்டினேன்: கம்பி முழுசாக இருந்தது.
ரிலே டிக்கென்று பேசியது.
வலப்பக்க சுவிட்சைக் கழற்றி இடப்பக்கம் மாட்டினேன்.
வலது சுவிட்சுக்கும் இடது கண்ணாடி மசியவில்லை.
சுவிட்சை அழுத்தியபடி கதவை ஓங்கி அறைந்தேன்.
மோட்டாருக்குள் கார்பன் சிக்கியிருந்தால்
அடிக்குப் பயந்து ஒரு சுற்றாவது சுற்றும்.
சுற்றவில்லை.

"மோட்டார் போச்சு. மதுரையிலிருந்து வரணும்.
மூவாயிரத்து ஐந்நூறு" என்றேன்.
அவள் கைப்பையை எண்ணாமலே மூடினாள்.

உள்தகட்டைக் கழற்றக் கதவைத் திறந்தேன்.
சும்மா, கை பழகிய பழக்கத்தில், சுவிட்சை ஒருமுறை தொட்டேன்.
கண்ணாடி மேலே போனது,
இவ்வளவு நேரமும் என்னைக் கேலி பண்ணிய மாதிரி.
இறக்கிவிட்டுக் கதவை மூடினேன். செத்தது.
திறந்தேன். ஏறியது.
பதினெட்டு வருஷத் தொழில்.
காதுமடல் சுட்டது எனக்கு.

கீல் பக்கம், தூணிலிருந்து கதவுக்குப் போகிற ரப்பர் குழாய்.
அதற்குள்தான் வயர்கள் ஒவ்வொரு தடவையும் மடங்கி நிமிரும்.
பிதுக்கிப் பார்த்தேன். தடித்த நீல வயர்
தோல் முழுசாக, உள்ளே செம்பு அறுந்து,
மயில்துத்தப் பச்சையாகப் பொடிந்திருந்தது.
கதவு திறந்தால் முனையும் முனையும் தொடும்.
மூடினால் விலகும்.
"மோட்டார் நல்லாயிருக்கு. நான்தான் அவசரப்பட்டேன்" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. அது மரியாதையாகவே பட்டது.

வெட்டி, புது வயர் கோத்து, ஈயம் வைத்து மூடும்போது
கதவை அசைத்தேன். உள்ளே
அரைச் செம்புத் தண்ணீர் தளும்புகிற சத்தம்.
அடியில் வடிதுளை மூன்று. மூன்றும் அடைப்பு.
சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுக் குத்தினேன்.
மணல் வந்தது, பிறகு தண்ணீர்.
விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு. அதனால் என்ன,
இந்த ஊரில் மழை பெய்தாலும்
கூரையில் படிந்த உப்பைக் கழுவிக்கொண்டுதான் இறங்கும்.
அப்படித்தான் நினைத்தேன்,
கடைசிச் சொட்டோடு
ஒரு விரல் நீளக் கடற்புல் வழுக்கி விழும்வரை.

இருவரும் அதைப் பார்த்தோம்.
செருப்பு முனையால் அவள் மணலை அதன்மேல் தள்ளினாள்.
"வாலிநோக்கம்" என்றாள், கொஞ்ச நேரம் கழித்து.
"சுபுஹுக்குப் பிறகு. ஆள் இருக்காது.
ஈர மணல் கெட்டியா இருக்கும், சர்ருன்னு போகும்.
அன்னைக்கு இடப்பக்கச் சக்கரம் புதைஞ்சு போச்சு.
அலை ஏறி ஏறி வந்திச்சு.
வலைக்காரவங்க நாலு பேர் தள்ளிவிட்டாங்க."
பிறகு, "கண்ணாடி இறக்கித்தான் இருந்திச்சு.
இறக்காம அங்கே எப்படி ஓட்டுறது?"

அதற்கு மின்சாரத்தில் பதில் இல்லை.

உப்பு உள்ளே இருந்தால் அடுத்த மாதமே தகடு கரையும்.
லாரித் தண்ணி வந்த நேரம்,
குடம் பதினைந்து ரூபாய்.
மூன்று குடம் வாங்கிக் கதவின் வயிற்றுக்குள் ஊற்றினேன்.
வரிசையில் நின்ற பெண்கள் பார்த்த பார்வை
காருக்கா எனக்கா என்று தெரியவில்லை.

கதவை மூடி அழுத்தினாள்.
கொஞ்சம் முனகி, மேல் ரப்பரில் போய் முட்டி நின்றது.

பில் எழுதினேன்:
வயர் மாற்றம், வடிதுளை சுத்தம், கூலி,
நல்ல தண்ணி மூன்று குடம்.

கடைசி வரியில் விரலை வைத்தாள்.
"காக்கா பில்லைத்தான் முதல்ல கேட்பார்.
தண்ணி எதுக்குன்னு கேட்பார்."

தாளைக் கிழித்தேன். வேறு எழுதினேன்.
நாற்பத்தைந்து ரூபாயைக்
கூலியில் கரைத்தேன்.