வரியின் பாதம்

ஜெர்மன் மொழியில் வரிவீதத்துக்கு
'வரிப்பாதம்' என்று பெயர்.
ஓல்ட்டனுக்கு ஒரு தரிப்பு தள்ளி எங்கள் ஊரில்
அதன் நீளம் நூற்றிருபத்தொன்று.
நாலு விரல் வெட்டலாம் என்கிறார் ஒருவர்.
வெட்டினால் நொண்டும் என்கிறார் மற்றவர்.

பள்ளிக்கூட மண்டபம். புதன் இரவு.
இந்தத் தரையை ஆறு வருசம் நான் துடைத்தவள்.
கூடைப்பந்துக் கோட்டில் எந்த வளைவில்
நீலம் உரிந்திருக்கிறதென்று எனக்குத் தெரியும்.
இன்றைக்கு அதன்மேல் ஒரு கதிரையில்
சப்பாத்தோடு இருக்கிறேன்,
சிவப்புக் கடவுச்சீட்டு எடுத்து நாலு வருசம்.

மார்ச்சில் தேர்தல்.
மேடையில் ஐந்து பேர், ஐந்து தண்ணீர்ப் போத்தல், ஒரு மைக்.

ஹுன்சிக்கர் பேசுகிறார். கூரை போடும் கம்பனிக்காரர்.
மூன்று பிள்ளைகளும் இங்கே படித்ததுகள்,
இப்போ சூரிச்சில் பெரிய சம்பளம்.
நீச்சல் குளத்துக் கொதிகலன் மாற்ற எட்டு லட்சமாம்.
"காசைத் தண்ணீரில் கரைக்கிறோம்" என்கிறார்.
கைதட்டல். பின்வரிசையில் நானும்
ஒருக்கால் தட்டிவிட்டேன்.
நாலு புள்ளி என்றால் எனக்கு வருசம் நூற்றெழுபது பிராங்,
ஒரு சோடி குளிர்காலச் சப்பாத்து.

அடுத்தது லீனா ஷ்டூடர். இருபத்தாறு வயசிருக்கும்.
"குடிபெயர்ந்து வந்தவர்களுக்கு நிதிக்கல்வி வேண்டும்,
நூலகத்தில், இலவசமாக.
கடன், வட்டி, சேமிப்பு, எல்லாம் படம் போட்டு."
நல்ல பிள்ளை. எங்கள் வரிசையைப் பார்த்துச் சிரித்தாள்.
குணநாயகி முழங்கையால் இடித்தாள்:
"தாச்சி, உனக்குத்தானாம் வகுப்பு."

நான் சீட்டுத் தாச்சி.
இருபது பேர், ஆளுக்கு ஐந்நூறு, மாதம் பத்தாயிரம்.
முதல் ஞாயிறு என் குசினியில் கழிவு கேட்பார்கள்.
அவசரக்காரன் ஆயிரத்து இருநூறு விட்டு எடுப்பான்,
பொறுத்திருந்தவனுக்கு அது பங்காய் வரும்.
கையெழுத்து இல்லை, பிணை இல்லை.
ஒரு எண்பது பக்கக் கொப்பி,
அதுக்கு மேலே என் முகம்.

தவயோகன் மூன்றாம் சீட்டை எடுத்தான்.
தங்கச்சிக்குக் கலியாணம் என்றான். உண்மைதான்,
நானே போய்ப் பலகாரம் சுட்டேன்.
ஆறாம் மாதம் போன் எடுக்கவில்லை.
ஏழாம் மாதம் டொரன்டோ.
பதினைந்து மாதம் அவனுக்காக நான் கட்டினேன்,
ஏழாயிரத்து ஐந்நூறு,
முதியோர் காப்பகக் குசினியில் சனியும் ஞாயிறும்
கரட் சீவி.
ஒருவருக்கும் ஒரு சதம் குறையவில்லை.

ஹுன்சிக்கர் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு
"எங்கள் காசு எங்களுக்கே" என்று
மறுபடி தொடங்கினார்.
எனக்குத் தவயோகன் கேட்டான்.
எடுத்து முடித்த பிறகு எல்லாருக்கும்
சீட்டு வீண்செலவுதான்.

கை உயர்த்தினேன். மைக் வந்தது.
தாச்சிக்கு ஜெர்மனில் சொல் இல்லை.
கழிவுக்கு எனக்குத் தெரிந்த சொல்
குப்பை வண்டிக்காரர் பாவிப்பது.
மண்டபம் காத்திருந்தது. யாரோ கதிரை இழுத்தார்கள்.
"ஹேர் ஹுன்சிக்கர், உங்கள் பிள்ளைகளுக்கு
நீந்தத் தெரியுமா?"

"மூவருக்கும் தெரியும்" என்றார், பெருமையாக.
"நன்றி" என்று இருந்துவிட்டேன்.
முன்வரிசையில் ஒருவர் மட்டும்
தோள் குலுங்கச் சிரித்தார்.
மற்றவர்களுக்கு விளங்கியதோ தெரியாது.

வீட்டு மேசையில் இரண்டு உறை.
ஒன்று வாக்கு, ஒன்று வரிப் பத்திரம்.
வாக்கை எழுதி ஒட்டிவிட்டேன், ஒரு நிமிசம்.
பத்திரத்தில் 'வேறு வருமானம்' என்றொரு கட்டம்.
முதல் சீட்டு தாச்சிக்குக் கழிவில்லாமல் முழுசாய் வரும்,
அதை நான் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.
எழுத வேணுமா என்று
லீனாவின் வகுப்பில் கேட்கலாம்.

பேனையை மூடினேன். போன் துடித்தது. செல்வமலர்.
"அக்கா, இந்த ஞாயிறு கழிவு எவ்வளவு போகும்?
பல்லுக் கட்ட வேணும்."
பல்லுக்கு இங்கே காப்புறுதி இல்லை.
"பாப்பம்" என்று எழுதினேன்.