கால் அங்குலம்

ஏப்ரல் பாதி போயும்
கராஜின் வடக்குச் சுவரோரம்
பனி அழுக்காய்க் கிடக்கிறது.
மைனாட்டில் இதற்குப் பெயர் வசந்தம்.

மூன்று சக்கர மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தை
ஜாக்கியில் ஏற்றி, முட்டுக் கொடுத்து,
முன்சக்கரத்துக்கு இரண்டு விறகுக்கட்டை.
தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.
என் இடுப்பெலும்பை மாற்றிய டாக்டர்
இரண்டு சக்கரம் இனி வேண்டாம் என்றார்.
வண்டியே வேண்டாம் என்றதாக
ஹால்வர் சாதிக்கிறார்.
என் காதில் அப்படி விழவில்லை.

பழைய ஷாக் அப்சார்பர் இரண்டும்
எண்ணெய் கசிந்து செத்திருந்தன.
ரயில்வே கிராஸிங் ஒவ்வொன்றிலும்
என் முதுகுக்குப் பின்னால் ஓர் 'உஃப்'.
அது எந்தத் தண்டவாளத்தின் உஃப் என்று
கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

வலது போல்ட் கேட்டதும் வந்தது.
இடதுக்கு
முந்தைய இரவே துரு எண்ணெய்,
காலையில் கொஞ்சம் நெருப்பு,
ஸ்பேனர் பிடியில் குழாயைச் செருகி
முழு உடம்போடு தொங்கினேன்.
தேவாலயத்தில் சொல்லக்கூடாத இரண்டு வார்த்தைகள்.
டக்.
உடைந்தது என்றே நினைத்தேன்.
கழன்றிருந்தது.

வாஷர்களை வந்த வரிசையில்
முட்டை அட்டையின் குழிகளில் போட்டு வைத்திருந்தேன்.
ஹால்வர் காபி கொண்டுவந்தார்,
அட்டையின் விளிம்பிலேயே வைத்தார்.
பத்து நிமிடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

புது ஷாக்குக்குப் பணம் கட்டியபோது
படிவத்தில் கேட்டிருந்தார்கள்:
ஓட்டுபவர் எடை. பின்னால் இருப்பவர் எடை.
என்னுடையதை உண்மையாகவே எழுதினேன்.
அவருடையதை ஞாபகத்திலிருந்து:
இருநூற்றுப் பதினெட்டு பவுண்டு.

சாயங்காலம் பக்கத்து வீட்டு டுவேன்
டார்க் ரென்ச்சோடு வந்தான்.
அது 'க்ளிக்' என்னும்வரை இறுக்கிவிட்டு
இறக்கினோம் தரைக்கு.
மிச்சம் ஒரே வேலை.
இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தால்
பின்பக்கம் ஒன்றரை அங்குலம் அமுங்க வேண்டும்.

"ஒன்றேகால்."
இறங்கி ஏறினோம். குலுக்கிப் பார்த்தோம்.
"ஒன்றேகால்தான். தப்பான ஸ்பிரிங் தந்துவிட்டான்,
திருப்பி அனுப்பு," என்றான் டுவேன்.
டேப்பை வாங்கி நானே பார்த்தேன்.
டேப்பில் பிழை இல்லை.

ஹால்வர் பேசாமல் இறங்கினார்.
கதவோரம் உப்பு மூட்டை,
வாசல் பனியில் தூவியதுபோக
பிரிக்காமல் மிஞ்சியது, நாற்பது பவுண்டு.
டுவேன் நீட்டிய கையை வேண்டாமென்று
அணைத்துத் தூக்கி, இரண்டு இடத்தில் நின்று,
வந்து ஏறி
மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒன்றரை!" என்று கத்தினான் டுவேன். "மயிரிழை பிசகாமல்!"
பிறகு அவனுக்கும் உறைத்தது.
டேப் சுருண்டு உள்ளே போகிற சத்தம்
கராஜுக்குப் பெரிதாக இருந்தது.

நவம்பரிலிருந்து அவர் பெல்ட்டில்
ஆணியால் அடித்த புது ஓட்டைகள் மூன்று.
பார்க்காமல் இல்லை நான்.
கூட்டிப் பார்க்கவில்லை.

மூட்டையை வாங்கிக் கீழே வைத்தேன்.
மண்டியிட முடியாத இடுப்பு,
ஒருக்களித்துப் படுத்தேன் சிமெண்டில்.
கொக்கி ஸ்பேனரால் ஸ்பிரிங்கின் வளையத்தை
இடப்பக்கம் ஒரு சுற்றுத் தளர்த்தி,
வலப்பக்கம் ஒரு சுற்று.
இன்னும் அரை.
"உப்பையே வண்டியில் கட்டிவிடலாமே," மேலிருந்து குரல்.
"அசையாமல் இருங்கள்."
அசையாமல் இருந்தார்.

ஞாயிறன்று தானியக் கிடங்கைத் தாண்டி
அந்தத் தண்டவாளம் வந்தது, போனது.
பின்னால் சத்தமே இல்லை.
பதறிக் கண்ணாடியைத் திருப்பினேன்.
இருக்கிறார்.
சூயிங்கம் மென்றுகொண்டு,
முறையிட ஒன்றுமில்லாமல் போன
சின்ன ஏமாற்றத்தோடு.

என் சட்டைப்பையில்
ஒரு வாஷர் மிஞ்சியிருக்கிறது.
எங்கே இருக்க வேண்டியது என்று தெரியவில்லை.
யாரிடமும் சொல்லவில்லை.