ஒத்திகைக் குலுக்கல்

பந்து என்கிறார்கள். பந்து இல்லை;
நடுவில் திருகித் திறக்கும் பிளாஸ்டிக் உருண்டை.
உள்ளே இருவிரல் அகலத்தில் ஒரு சீட்டு,
சீட்டில் ஒரு நாடு.
ஐம்பத்து மூன்று நாடுகளைச் சுருட்டினேன்,
வெள்ளைக் கையுறையோடு, விடியாத ஆறு மணிக்கு.
வெளியே ஜூரிக்கின் டிராம் தண்டவாளங்களைப்
பனி மூடிக்கொண்டிருந்தது.

"எல்லாச் சுருளும் ஒரே தடிமன், மிமோஸா.
விரலுக்கு எதுவும் தெரியக்கூடாது" என்றார் உர்ஸ்.
எங்கள் சீட்டை மட்டும்
மூன்று முறை பிரித்துச் சுருட்டினேன்.

ஐந்து கண்ணாடிச் சட்டிகள்.
முதலாவதில் எப்போதும் ஜெயிப்பவர்கள்.
அடுத்ததில்,
எப்போதோ ஜெயித்ததைப் பேசிக்கொண்டிருப்பவர்கள்.
கடைசிச் சட்டியில்
பல் மருத்துவர் கோல்கீப்பராக நிற்கும் நாடுகள்.
நாங்கள் நான்காவது.
சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும், சரி;
எந்தச் சட்டியில் என்பதைப்
போன வருஷத்துத் தோல்விகள் எழுதிவைத்திருக்கின்றன.

விதைப்பு என்று இதற்குப் பெயர்.
பெரிய மரங்களை
ஒன்றின் நிழல் இன்னொன்றின்மேல் விழாத தூரத்தில்
குழுவுக்கு ஒன்றாய் நடுகிறார்கள்.
நாங்கள் ஊடுபயிர்.

பிறகு விதிகள், தடித்த ஒரு கோப்பு நிறைய.
உறைபனி நாடுகள் மூன்று ஒரே குழுவில் கூடாது,
மார்ச்சில் மைதானம் கிடைக்காது.
கண்டத்தின் இரு முனைகள்
அடிக்கடி சந்திக்கக் கூடாது, விமானச் செலவு.
சண்டைக்கார நாடுகள் சேரவே கூடாது:
கல்யாண வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளை
வேறு வேறு பந்தியில் உட்காரவைப்பது மாதிரி.
எங்களை வரைபடத்தில் எழுத மறுப்பவர்கள்
இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள்.
அவர்கள் இலைக்குப் பக்கத்தில் எங்கள் இலை விழாது.
இதையெல்லாம் ஒரு கணினி
யார் முகத்தையும் பார்க்காமல் பார்த்துக்கொள்கிறது.

பத்து மணிக்கு ஒத்திகை.
ஓய்வுபெற்ற நட்சத்திரம் இன்னும் விமானத்தில்.
"நீ நில்" என்றார்கள்.
காலி நாற்காலிகளுக்கு முன்னால்
நான்காம் சட்டியில் கை விட்டேன்.
எடுத்தேன். திருகினேன். நாங்கள்!
எஃப் குழு.
முதல் சட்டியிலிருந்து அங்கே வந்திருந்தது
முழங்கால்கள் தேய்ந்துபோன ஒரு பழைய சாம்பியன்.
மற்ற மூன்றும், அடடா, வெண்ணெய்.
துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுக் கைதட்டினான் ஃபிலிமோன்.
அவன் நாடு
எந்தக் கண்டத்தின் சட்டியிலும் இல்லை.

மதியம் முழுக்க அந்தக் குழுவோடு வாழ்ந்தேன்.
சொந்த மண்ணில் மூன்று புள்ளி,
வெளியூரில் ஒன்று போதும்,
நவம்பரில் ஒரு டிரா...
போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.
இல்லாவிட்டால் தம்பி பெஸ்னிக்கிடம்
நடக்காத ஒன்றைச் சொல்லியிருப்பேன்.
நாலு மணிக்கு உர்ஸ் எல்லா உருண்டைகளையும்
திரும்பச் சட்டியில் கொட்டினார்.
ஆலங்கட்டி விழும் சத்தம்.

இரவு. விளக்குகள்.
நட்சத்திரத்தின் கட்டை விரல்கள் துழாவின, துழாவின.
எங்கள் பெயரைத் தப்பாக உச்சரித்தார்.
டி குழுவில் இடம் இருந்தது,
நல்ல இடம், எஃப் அளவுக்கே நல்ல இடம்.
திரை ஒரு நொடி தயங்கியது.
டி-யில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்
எங்களை எழுத மறுப்பவர்கள்.
பகையிலிருந்து எங்களைக் காப்பாற்றும் விதி
எங்களை மரியாதையாகத் தோளில் தொட்டு
அடுத்த குழுவுக்குத் தள்ளியது.
அங்கே இரண்டு ராட்சதர்கள்.
அரங்கில் யாரோ "பாவம்" என்ற மாதிரி சிரித்தார்கள்.

பின்னறையில் உருண்டைகளை எண்ணிப் பெட்டியில் வைத்தேன்.
ஐம்பத்து மூன்று. கையெழுத்து.
போன் கைக்கு வந்ததும் பதினேழு தவறிய அழைப்புகள்,
எல்லாம் பெஸ்னிக்.
என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்தபடி எடுத்தேன்.
பின்னால் கார் ஹாரன்கள், யாரோ தகரத்தைத் தட்டுகிறார்கள்.
"அக்கா, அவங்க நம்ம ஊருக்கு வராங்க!
நிஜமா வராங்க!
அவ்வளவு பெரிய பஸ்
பேக்கரி சந்துல எப்படித் திரும்பும், சொல்லு!"

எஃப் குழுவைப் பற்றி
நான் வாயைத் திறக்கவில்லை.
பேக்கரிக்காரர் வெளித் தட்டிகளைக் கழற்றினால்
திரும்பிவிடும் என்றேன்.