தேயாத செருப்பு

கருங்கல் சந்தைக்குப் பின்னால் எங்கள் மையம்.
மே மாதச் சுவரில் ஒரு சார்ட் பேப்பர்,
ரத்னபாய் மிஸ்ஸின் சாய்ந்த கையெழுத்தில்
களிமண், கேரம், சக்கை,
கடைசி வரியில் பச்சை ஸ்கெட்சில் கடல்.

சக்கை வந்த அன்று
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
ஒன்பது வருஷம் முன்பு
ஒரு சக்கைக்காகத்தான் பிலாவில் ஏறினேன்.
சக்கை கயிற்றில் இறங்கியது, பத்திரமாக.
நான் கயிறில்லாமல் இறங்கினேன்.

“அடுக்களையிலயே வெட்டிரலாம்” என்று
மிஸ் கிசுகிசுத்தது எல்லோருக்கும் கேட்டது,
மாஹீனுக்குத் தவிர.
அவன்தான் அதைத் தூக்கிவந்து
என் மடியில் வைத்தான்.
முள் குத்துகிறதா என்று
தொடையைக் காட்டிக் கைகளால் கேட்டான்.
இல்லை என்றேன்.
கொடுத்துவைத்தவன் என்று சைகை காட்டினான்.
கத்தியில் எண்ணெய் தடவச் சொன்னேன்.
வரிக்கை.
பகையாளி இவ்வளவு இனிக்கக் கூடாது.

கடலுக்குக் குறித்த முதல் வெள்ளி
கள்ளக்கடல் எச்சரிக்கை.
இரண்டாம் வெள்ளியும் அதே.
“இதுவும் அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லுது,
என்ன ஆபீஸோ” என்றாள் ஜெஸ்லின்,
அடையாள அட்டைக்கு
நாலு தடவை நாகர்கோவில் போய் வந்தவள்.

மூன்றாம் வெள்ளி, மிடாலம்.
வேனில் ஏழு பேர், ஒரு பானை சம்பாரம்,
என் காலில்
ஒன்பது வருஷமாய்த் தேயாத செருப்பு.
அடியில் கம்பெனிப் பெயர்கூட அழியவில்லை.

சிமெண்ட் முடிந்த இடத்தில்
சக்கரம் முழுங்கியது மணல்.
குருசடியில் இரவல் வாங்கிய ரெண்டு பலகை.
ஒன்றின் மேல் உருள்வேன்.
பின்னால் கிடப்பதை எடுத்து
முன்னால் போடுவான் மாஹீன்.
மறுபடி உருள்வேன்.
சுயம்பு கம்பை ஊன்றி நின்று எண்ணினான்,
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.
வலை உதறிக்கொண்டிருந்த ஒருத்தர்
“தூக்கிட்டுப் போயிரட்டா?” என்று வந்தார்.
“வேண்டாம் அண்ணே,
ரோடு போட்டுட்டு இருக்கோம்.”
அவர் போகாமல்
பலகையின் மறு முனையைப் பிடித்தார்.

பிரேக் போட்டு, நாலு கைகள் பிடித்திருக்க,
அலை என் பாதத்தை மூடியதைக்
கண்ணால்தான் அறிந்தேன்.
பிறகு முழங்கால்.
பேப்பரில் படிப்பது போல இருந்தது,
யாரோ ஒருவனுக்குக் கால் நனைந்த செய்தி.
அடுத்தது சொல்லாமல் வந்தது.
தொப்புளுக்கு ஒரு சாண் மேலே,
எனக்கு நான் தொடங்கும் இடத்தில்
அடித்தது.
“யம்மோ, குளிருகு!” என்று
கரை வரைக்கும் கேட்டது என் குரல்தானாம்.

ஜெஸ்லின் சிரித்துக்கொண்டே கை நீட்டினாள்.
தூரத்தில் நீலமாய் ஒன்று
போய்க்கொண்டிருந்தது.
குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்கால்.
மாஹீன் இடுப்பளவு ஓடித் தோற்று வந்தான்.
ஒரு கையால் அலை காட்டி,
மறு கையைத் தன் பைக்குள் விட்டான்.
அன்றிலிருந்து எங்கள் மையத்தில்
கள்ளக்கடலுக்கு அதுதான் வார்த்தை.

சனிக்கிழமை மிஸ் கணக்கு எழுதினார்.
டீசல், மோர்மிளகாய், பலகைக்குக் காணிக்கை.
கடைசியில் எனக்குத் தெரியாமல் ஒரு வரி:
செருப்பு 1, இடது. கடல் எடுத்தது.

வலதை என்ன செய்ய என்று பார்த்திருந்தேன்.
வாழ்நாள் முழுக்க
ஜோடிக்குக் காசு கொடுத்து
ஒன்றை மட்டும் போடுகிறவன் சுயம்பு.
அவனுக்கு இருப்பது வலது கால்தான்.
போட்டுப் பார்த்தான்.
ஒரு நம்பர் சின்னது.
குதிகால் வெளியே தொங்குது.

“பரவாயில்ல மக்கா,
ஆறு மாசத்துல தேச்சுத் தாறேன்” என்று
கம்பும் செருப்புமாய்
டக், சரக், டக், சரக் என்று
கேரம் போர்டு வரை போனான்.