அட்டைக்கடி

பிரட்டுக்களத்தில் இப்போது இரண்டு தராசு.
ஒன்று கொழுந்துக்கு.
மற்றதில் நாங்கள் ஏறுகிறோம்
மாதம் தவறாமல் இருபத்தெட்டாம் திகதி,
கூடையை இறக்கி, படங்கை அவிழ்த்து.

இது நாற்று வருசமாம்.
மலை காடாகிப் போச்சு, லயம் வெறிச்சோடிப் போச்சு,
பொடியன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தாச்சு.
கம்பெனிக்கு ஆள் வேணும்.
எடை கூடினால் முழுப்பேர்.
தீட்டுப் பட்டால் அரைப்பேர்,
பதினெட்டுக் கிலோ பறித்தாலும் சரி
இருபத்திரண்டு பறித்தாலும் சரி.
மூன்று தீட்டுத் தொடர்ந்து வந்தால்
மேல் பங்களாவிலிருந்து வாகனம் வரும்.

அம்மாவுடையது கவ்வாத்து வருசம்.
அப்போது பிள்ளைகள் கூடிப்போச்சு என்றார்கள்.
காலையில் லொறியில் ஏற்றிப்போய்
பின்னேரம் ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி கொடுத்து
பாலத்தடியில் இறக்கிவிட்டார்கள்.
என்ன ஊசி என்று அவள் கேட்கவில்லை.
பெருவிரல் மை போக ஒரு கிழமை ஆனது என்பாள், அவ்வளவுதான்.
அந்த வாளியில்தான் நான் இன்னும் பீலித் தண்ணி பிடிக்கிறேன்.
கைப்பிடி உடைந்து கம்பி கட்டியிருக்கிறது.

கணக்கப்பிள்ளை நல்ல மனுசன். அதட்டமாட்டார்.
செக்ரோலைப் பார்த்தபடியே சொல்வார்:
"வெட்டுறதும் வளக்கிறதும்
செடியக் கேட்டா செய்யிறோம், பிள்ள?"

மழை இருந்தவரை எங்களுக்கு அட்டை இருந்தது.
கெண்டைக்காலில் சிவப்பு கோடாய் இறங்கினால்
"அட்டை கடிச்சிருச்சுங்க" என்போம்.
எத்தனை அட்டை, எத்தனை மாதம்!
அட்டைகளுக்கு நாங்கள் செய்த துரோகம் அது.
தராசுக்கு மடியில் கல்.
ஆற்றங்கரையில் பொறுக்கிய கூழாங்கல்,
முதல் மாதம் ஒன்று, அடுத்த மாதம் இரண்டு.

லோகநாயகி கல் கட்ட மறுத்தாள்.
வாகனம் வந்தது.
ஏழு மாதம் கழித்துத் திரும்பியவள்
வெறுங்கையோடு வந்தாள், வெறும் வயிற்றோடு.
கொழுந்து கிள்ளும்போது வருமே ஒரு சின்னச் சத்தம்,
அதை அவளால் தாங்க முடியவில்லை.
காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நிரை பிடிக்கிறாள்.

மாசியில் வானம் பொய்த்தது.
அட்டையெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது.
மஸ்கெலியா நீர்த்தேக்கம் வற்றி வற்றி
முங்கிக் கிடந்த கோயில் மேலே வந்தது,
சேறு பூசிய கோபுரம், கதவில்லாத வாசல்.
சாமியை எப்போதோ மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.
தீட்டென்று விரட்ட அங்கே ஆள் இல்லை.

இரவில் போனோம், பதினொரு பேர்,
முழங்கால் வரைக்கும் சேறு.
ரெஜினாமேரி சவர்க்காரம் கொண்டுவந்தாள்,
மாதா கோவிச்சுக்க மாட்டா என்றாள்.
உள்ளறையில் தேங்கிய தண்ணீரில்
துணிகளை அலசினோம்.
"இதுக்குப் பேர் என்ன தெரியுமா?"
லோகநாயகி பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டாள்.
"கர்ப்பக்கிரகம்."
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
கல்லில் மோதித் திரும்பி வந்தது அந்தச் சிரிப்பு.
நாங்கள் யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை,
அவளை நிறுத்தவும் இல்லை.

இருபத்தெட்டாம் திகதி.
தராசில் ஏறும்போது
காலில் இறங்கிவிட்டது எனக்கு.
தூசி பறக்கும் களத்தில்
கணக்கப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்:
"அட்டைதானே, பிள்ள?"

எனக்கு வழி விடுகிறார். தெரிந்தது.
ஆமா என்றால் போதும்.

"இல்லைங்க" என்றேன்.
"இது நான்."

பேனையை எடுத்தார், வைத்தார், எடுத்தார்.
"அப்ப அரைப்பேர்தான் போடணும்."

"என் பேர் சுகிர்தமலர்.
எந்தப் பாதியப் போடுவீங்க?
சுகிர்தமா, மலரா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.
எத்தனையோ வருசத்தில் முதல் தடவையாக
என் முகத்தை.

எனக்குப் பின்னால் வரிசையில்
யாருடைய மடியிலிருந்தோ
சிமெந்துத் தரையில் ஒரு கல் விழுந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு இன்னொன்று.