இரண்டாம் பாகம்

முதல் பாகம் தமிழில் கிடைத்தது,
முன் அட்டை இல்லாமல்.
பதினேழாம் பக்க ஓரத்தில்
யாரோ பால்மாக் கடன் எழுதியிருந்தார்கள்.
இரண்டாம் பாகம் ஹட்டன் கடையில்
சிங்களத்தில் மட்டும்தான்.
பஸ் காசு போக என்னிடம் எழுநூறு ரூபாய்.
மிச்சத்தைச் சச்சினி போட்டாள்.
அதனால் சனி ஞாயிறு எனக்கு,
மற்ற நாள் அவளுக்கு.

வெரின் தமிழில் அழுதவள்.
இருபது பிள்ளைகள் ஏறிய கோபுரத்திலிருந்து
தனியாக இறங்கிவந்து
தன் செருப்பைத் தேடியவள்.
இப்போது சிங்களத்தில் கோபப்படுகிறாள்.
நான் விரல் வைத்து எழுத்துக் கூட்டுகிறேன்.
அவள் ஓடுகிறாள், நான் பின்னால் நடக்கிறேன்.
சிங்களத்திலும் வினைச்சொல் கடைசியில்தான்;
அம்பு அவளை நெருங்கியும்
பட்டதா படவில்லையா என்று
நான் இன்னும் போய்ச் சேரவில்லை.

நாற்பத்தோராம் பக்கம்.
கோபுரத்துக்காரர்கள் பழக்கூடையோடு
அவள் வீட்டுக்கு வருகிறார்கள்.
நீ ஒன்பது மணி நேரத்தில் இறங்கினாய்,
முடியும் என்று காட்டினாய்,
ஆகவே இனி எல்லோருக்கும்
ஒன்பது மணி நேரம்.
நீயும் திரும்ப வா.

அதில் ஒரு சொல் விளங்கவில்லை.
சிக்னல் தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான்.
ஏறிப்போய் அனுப்பி,
அட்டை கடிக்கக் கடிக்க நின்று பதில் வாங்கினேன்.
"கட்டாயம் மாதிரி ஒரு சொல்.
ஆனா மரியாதையாச் சொல்றது."

போன வருஷம் கொழுந்துப் போட்டியில்
அம்மா முதலாவது.
பன்னிரண்டாம் நம்பர் மலை, இருபது நிமிஷம்,
ஒன்பது கிலோ முந்நூறு.
ஸ்பீக்கர், கூடாரம், தலைக்கு வெள்ளைத் தொப்பி.
துரையோடு எடுத்த போட்டோவில்
கண்ணை மூடியிருப்பாள்.
பரிசுக்கு வந்த ரைஸ் குக்கர்
பெட்டியோடு இருக்கிறது;
அதன் ப்ளக் எங்கள் சுவருக்குப் பொருந்தவில்லை.

பொங்கல் கழிந்த முதல் பிரட்டில்
பதினெட்டுக் கிலோ இருபதானது.
யாரும் அம்மா பேரைச் சொல்லவில்லை.
ஒன்றரைக் கிலோ குறைந்து
அரைப்பேர் விழுந்த அன்று
ஞானசுந்தரி மாமி மட்டும்
எங்கள் காம்பராவைத் தாண்டும்போது
காறித் துப்பினாள்.
சளியாகவும் இருக்கலாம்.
மழைக்காலம்.

இன்று ஞாயிறு.
ட்ரங்குப் பெட்டிமேல் ஒரு கடிதம்.
இந்த முறை பெரிய போட்டி, நுவரெலியாவில்.
பஸ் அனுப்புவார்களாம், சாப்பாடும் உண்டாம்.
அம்மா அடுப்படியில் உட்கார்ந்து
விரல் வெடிப்பில் வாஸ்லின் தடவுகிறாள்.

"இது என்னா கதை?"
"போன தடவை ஜெயிச்ச புள்ளைய
திரும்பக் கூப்பிடுறாங்க."
"போறாளா?"
"இன்னும் வாசிக்கல."
துணியை விரலில் சுற்றி
பல்லால் முடிச்சை இறுக்கிக்கொண்டு,
"மத்தப் புள்ளைங்க எத்தன பேரு?"

முதல் பாகத்தில்
எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை.
பத்தொன்பது பேர்.
அதில் மூன்று பேருக்குத்தான் பேர் இருந்தது.
ஒருத்தியைச் சிவப்புச் சட்டை என்றே
கடைசிவரை எழுதியிருந்தார்கள்,
அவள் விழுந்த பக்கத்தை
நான் ஒரு வாய் ரொட்டியோடு திருப்பியிருப்பேன்.

விடிந்தால் புத்தகம் சச்சினிக்கு.
கரண்ட் இருக்கிறவரை வாசிக்கலாம்.
தம்பி தூங்கிவிட்டான்,
தகரத்தில் தூறல்.
மணி அடித்தாயிற்று, எல்லோரும் ஓடுகிறார்கள்.
வெரின் குனிந்து செருப்பு வாரைக் கட்டுகிறாள்.
அவிழ்க்கிறாள்.
மறுபடி கட்டுகிறாள்.
மேலேயிருந்து பெயர் சொல்லிக் கத்துகிறார்கள்.
அவள் நிமிர்ந்து பார்த்து, மெதுவாக,
இரண்டு கையாலும்...
பக்கம் முடிந்துவிட்டது.
வினைச்சொல் அந்தப் பக்கம்.

கரண்ட் போனது.
இருட்டில் அம்மாவின் குரல்:
"ஏன் நிறுத்திட்ட?
கட்டி முடிச்சாளா, இல்லியா?"