இரண்டில் ஒன்று

நஜஃப்கர் சாக்கடைக் கரை. பனிமூட்டம்.
அரைநாள் விடுப்பு, கைக்குட்டை கட்டிய மூக்கு.
சேற்றில் ஒரு பழுப்பு
வாலை ஆட்டி ஆட்டி நடக்கிறது.
சாதா உள்ளான் என்கிறார் ஹர்கீரத்.
தோளோரம் வெள்ளை ஏறவில்லையே,
முதுகெல்லாம் பொரி சிதறியிருக்கிறதே என்கிறேன்.
அந்த வெள்ளைப் புருவம்
கண்ணைத் தாண்டியும் ஓடுகிறதா?
மூச்சு பட்டு லென்ஸ் மங்குகிறது.
துடைக்கிறேன்.
பம்ப் ஹவுஸ்காரர் வந்து நின்று
என்ன தொலைந்தது என்று கேட்கிறார்.
இன்னும் கிடைக்கவே இல்லை, பாய்சாப்.

எங்கோ லாரி ஹாரன் அடிக்க
எழும்பியது,
சிஃப்-இஃப்-இஃப்.

பொரி உள்ளான்!
நான் போட்ட கூச்சலில்
சேற்றில் கிடந்த எருமை தலை திருப்பியது.
வாலில் வெள்ளைப் பொட்டு மினுங்க
மூட்டத்துக்குள் போய்விட்டது அது.

ஹர்கீரத் வாயைத் திறக்கவில்லை,
தெர்மாஸைத் திறந்தார்.
முதல் கோப்பை எனக்கு.